மஞ்சணத்தி ஸ்டாப்பிங்

கம்பெனி பஸ் அன்றைக்கும் என்னைத் தாண்டிப் போனது.

நான் ரோட்டுக்குள்ளேயே இறங்கிக் கையை ஆட்டினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். பயந்து ஒதுங்கிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கழுத்தை வளைத்து என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு புழுதிதான். கையில் டிபன் பாக்ஸ், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, வாயெல்லாம் செம்மண். போதாததற்கு, தலைக்கு மேலிருந்த நுணா மரத்திலிருந்து கறுத்துப் பழுத்த பழம் ஒன்று தோளில் விழுந்து நசுங்கியது. நுணாப்பழத்தின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

அது மூன்றாவது நாள். பயிற்சிக் காலத்தில் மூன்று லேட் ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை.

தொண்ணூற்றொன்று. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் என்றால் உலகத்துக்கே ஞாபகம் வருவது வேறு. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எழுதியும் விட்டார்கள். எனக்கு அது பஸ் நிற்காத வருஷம்.

எங்கன ஏறுவ?

எங்கள் இடத்துக்குப் பெயர் கிடையாது. மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே, முப்பது வீடும் ஓடு போட்ட சின்ன சர்ச்சும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது காலனி. தபால்காரருக்கும் காலனி. ரேஷன் கார்டிலும் காலனி. நாட்டில் எத்தனை ஆயிரம் காலனி இருக்கிறதோ, அதில் ஒன்று.

சர்ச்சில் நடந்த தையல் வகுப்பில் இரண்டே மெஷின். எட்டுப் பெண்கள் முறை போட்டுத் தைப்போம். ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்த ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தோல் துண்டில் சாக்பீஸால் ஒரு வளைவு போட்டுக் கொடுத்து, அதன் மேல் தைக்கச் சொன்னார்கள். துணி தைத்த கைக்குத் தோல் புதுசு. ஆனால் கோடு கோடுதானே. தைத்துக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழமை வந்துடு" என்றார்கள். எங்கள் இடத்திலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சேர்ந்த அன்று பஸ் லிஸ்ட் எழுத ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்.

"எங்கன ஏறுவ? ஸ்டாப் பேரு சொல்லும்மா" என்றார்.

காலனி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள். தினமும் காலையில் யாராவது ஒருவர் "காலனி வந்துட்ச்சு" என்று குரல் கொடுப்பார். நான் படியேறுவதற்கு முன்பே என் ஜாதி படியேறி சீட்டில் உட்கார்ந்துவிடும். எனக்கு அது வேண்டாம்.

"நுணா மரம் சார்" என்றேன்.

"நுணாவா? அது என்ன மரம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நுணாவைத் தெரியாத ஆளும் உண்டா? "ரோட்டாண்டயே கீது சார். ரொம்ப ஒசரம் இல்ல. வெட்டினா உள்ள மஞ்சளா இருக்கும். காய் முண்டும் முடிச்சுமா பச்சையா இருக்கும், பழுத்தா கறுத்துப்போய் நாறும். கொழந்தைக்கு மாந்தம்னா எலைய வதக்கிப் புழிஞ்சு குடுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதுவா? எங்கூர்ல குளத்தங்கரை பூரா இதுதான நிக்கு" என்று சொல்லி, லிஸ்டில் மளமளவென்று எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு அந்த அடக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

காப்பிக்குச் சொந்தக்காரர்

இந்த மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

நுணா யாரும் நட்டு வளர்க்கிற மரமல்ல. எங்கள் பக்கத்துப் புதர்க்காடுகளில் காரையோடும் களாவோடும் கலந்து தானாக முளைக்கும். அடிமரம் வெடித்துச் சொரசொரவென்று இருக்கும். ஆனால் பூ வெள்ளை வெளேரென்று, மல்லிகைக்குப் போட்டியாக மணக்கும். ஏர் ஓட்டுகிறவர்கள் நுகத்தடிக்கு இதைத்தான் தேடுவார்கள். கனமில்லை, மாட்டின் கழுத்தை அழுத்தாது, சீக்கிரம் உடையாது. பச்சைக் காயில் ஈர்க்குச்சி குத்தி வண்டி செய்து நாங்கள் ஓட்டாத தெரு இல்லை. இவ்வளவு செய்தும் அதற்கு மரியாதை கிடையாது. மாமரம், தென்னை மரம் என்று தனித்தனியாகச் சொல்பவர்கள் இதை மட்டும் "காட்டு மரம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

என் மகள் காலேஜில் தாவரவியல் எடுத்தாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நுணாவும் காப்பியும் ஒரே குடும்பம், தெரியுமா?" என்றாள். நான் நம்பவில்லை. இலை எதிரெதிராக ஜோடியாக வருவது, இலைக்காம்புக்கு நடுவில் இருக்கும் சின்ன செதில், பூவின் குழல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருவர் டவரா டம்ளரில் நுரை தள்ள உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொந்தக்காரர் ரோட்டோரம் லாரிப் புழுதி குடித்துக்கொண்டு நிற்கிறார். எல்லாக் குடும்பத்திலும் இருப்பதுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு நான்கு காப்பி வேண்டும். அன்றிலிருந்து மூன்றாவதைக் கேட்கும்போதெல்லாம், "இப்ப இருக்கறது நுணாதான், போடட்டுமா?" என்பேன். மனிதர் பேப்பரை விரித்துக்கொள்வார்.

அம்மனுக்கு நின்ற பஸ்

பஸ் ஏன் நிற்கவில்லை என்பது பிற்பாடு டிரைவர் ஏழுமலை அண்ணன் வாயாலேயே கேட்டது. மணிமங்கலத்துக்காரர். வண்டியை விட லிஸ்டை அதிகம் நம்புகிறவர்.

புது லிஸ்டில் மண்ணூருக்கு அடுத்ததாக ஒரு ஸ்டாப். பெயர் மஞ்சணத்தி. எங்கள் கிளார்க் தன் ஊர் வழக்கப்படி எழுதியிருந்தார். தெற்கே நுணாவுக்கு அதுதான் பெயராம். ஏழுமலை அண்ணன் அந்த ரோட்டில் பல வருஷம் வண்டி ஓட்டியவர். அப்படி ஒரு இடத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. மண்ணூர் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்.

டீக்கடைக்காரர் யோசித்திருக்கிறார். அது ஆடி மாதம். ரோட்டில் பாதிப் பேர் மஞ்சள் சேலையில் போய்க்கொண்டிருந்தார்கள். "மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களே, அந்த அம்மன் கோயிலத்தான் எவனோ அப்டி எழுதிக்கீறான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மன் கோயில் என் நுணா மரத்தைத் தாண்டி ஒரு மைல். அங்கே போய் பஸ் நின்றது. ஏறவேண்டிய பெண் வரட்டும் என்று ஐந்து நிமிஷம் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கும்பிடு போட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாளும் அப்படி. மூன்றாம் நாளும் அப்படி. பஸ்ஸில் இருந்த பெண்கள், "யாருடி அந்த மகாராணி, நாம தெனம் இவளுக்காகக் காத்துக்கினு கெடக்கணுமா?" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மகாராணி ஒரு மைல் பின்னால் தோளில் நுணாப்பழத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

என்னை அவர் தினமும் பார்த்துத்தான் இருக்கிறார். ஆனால் அந்த ரோட்டில் கை காட்டுகிறவர்களுக்கெல்லாம் நின்றால் கம்பெனிக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேரலாம். லிஸ்டில் இல்லாத இடத்தில் நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். என் கதையில் வரமாக வந்த பஸ்ஸைச் சாமியே நிறுத்தி வைத்துக்கொண்டது.

மூன்றாவது லேட்

அன்றைக்கும் டவுன் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது மணி எட்டே முக்கால். எங்கள் லைன் சூபர்வைசர் வரதன், வாசலில் இருந்த பெரிய கடிகாரத்தைக் காட்டி, "இது இன்னா, செவுத்துக்கு அழகுக்கு மாட்டி வெச்சிக்கீறோமா?" என்றார். மத்தியானம் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார்.

ஆபீசர் சென்னைக்காரர். கோபமே படமாட்டார். அதுதான் பயம்.

"பஸ் உனக்காக டெய்லி அஞ்சு நிமிஷம் நிக்குது. நீதான் வர்றதில்ல. உன்னால நாப்பது பேருக்கு லேட்டாகுது" என்றார்.

"நா ஆறரைலேர்ந்து நிக்கிறேன் சார். பஸ்ஸுதான் நிக்காம பூடுது."

லிஸ்டை என் பக்கம் தள்ளினார். "இதுதானே நீ குடுத்த ஸ்டாப்?"

படித்தேன். மஞ்சணத்தி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். "மஞ்சணத்தின்னா இன்னா சார்?" என்று கேட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நுணாவும் என் வாயால் கெட்டது. ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உன் ஸ்டாப் பேரே உனக்குத் தெரியாதா? எழுதின கிளார்க் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கார். அவர் வர்றவரைக்கும் நான் காத்திருக்க முடியாது. நாளைக்குக் காலைல ஷிஃப்ட்டுக்கு முன்னாடி வந்து சரியான காரணம் சொல்லு. இல்லேன்னா உன் மெஷினுக்கு அடுத்த பொண்ணக் கூப்பிட்டுடுவேன்."

நான் பொய் சொல்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. அழவில்லை. ஆத்திரத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது.

சோற்றுத் தட்டின் முன்னால்

கேண்டீனில் சாம்பார் ஊற்றியதைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தேன். சமையல் செய்யும் பேச்சியம்மாள் அக்கா கரண்டியோடு வந்து நின்றார். சங்கரன்கோவில் பக்கம் அவருக்கு. குரல் கேண்டீன் முழுக்கக் கேட்கும்.

"என்னளா, சோத்த மொறச்சிப் பாத்துக்கிட்டு இருக்க? உப்பு கூடிட்டா?"

"அதெல்லாம் இல்லக்கா." பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டேன். "மஞ்சணத்தின்னா இன்னாக்கா?"

"மஞ்சணத்தி மரம்லா. அதத் தெரியாதாக்கும் ஒனக்கு? வெட்டுனா உள்ள மஞ்சளா இருக்கும். நுகத்தடி செய்வாவ. பச்சப்புள்ளைக்கு மாந்தம்னா அந்த எலையத்தான் வதக்கிப் புழியுவோம். சின்னப்புள்ளைல அந்தக் காயில ஈர்க்குச்சியக் குத்தி நான் எத்தன வண்டி ஓட்டிருக்கேன்."

கிளார்க்கிடம் நான் ஒப்பித்ததை எனக்கே திருப்பி ஒப்பிக்கிறார்.

"பழுத்தா கறுப்பாயி..." என்று ஆரம்பித்தேன்.

"நாறும்" என்றார்.

நான் எழுந்து நின்று சிரித்த சிரிப்பில் நான்கு மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆடாத குறைதான். தட்டில் இருந்த சோற்றை இரண்டே வாயில் முடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆபீசர் மேஜைமேல் ஒரு கிளை

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்: "காலனின்னே சொல்லியிருந்தா இந்த ரோதன கீதா ஒனக்கு?"

"அந்த ரோதனைக்கு இந்த ரோதன தேவலாம்மா."

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தார். பிறகு, "அருவாள அந்தாண்ட வூட்டுலேர்ந்து வாங்கியா, நம்புளுது மொழுங்கிப் போச்சி" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அம்மா டார்ச் அடிக்க, இலையும் பச்சைக் காயும் ஒரு கறுத்த பழமும் சேர்ந்த கிளையாகப் பார்த்து வெட்டினேன். முதல் டவுன் பஸ்ஸுக்கு மண்ணூர் வரைக்கும் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் தனியாக அனுப்பமாட்டார் என்பதால்தான் அந்த பஸ்ஸில் நான் போனதில்லை. அன்றைக்கு அம்மாவும் கூடவே நடந்தார். கண்டக்டர் கிளையைப் பார்த்து, "ஆட்டுக்கா?" என்று கேட்டார். "ஆபீசருக்கு" என்றேன்.

ஆபீசர் வந்து உட்கார்ந்ததும் கிளையை அவருடைய கண்ணாடி மேஜையின் மேல் வைத்தேன். நான்கைந்து கட்டெறும்புகள் இறங்கி ஃபைலை நோக்கி நடந்தன. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன இது?"

"எங்க ஸ்டாப்பு சார்."

டிரைவரையும் கேண்டீன் அக்காவையும் ஒரு நிமிஷம் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன். என்ன நினைத்தாரோ, கூப்பிட்டார். ஏழுமலை அண்ணன் அப்போதுதான் பஸ்ஸை நிறுத்திவிட்டு நெற்றியில் குங்குமத்தோடு வந்தார்.

"அண்ணா, இது இன்னா மரம்?"

"நுணா. இதக் கேக்கவா கூப்ட்டீங்க?"

"ரோட்டுல தெனம் ஒரு பொண்ணு ஒங்களுக்குக் கை காட்டுச்சே, எந்த மரத்தாண்ட?"

அவர் என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "நுணா மரத்தாண்டதான். சார், அந்தப் பொண்ணு இதுதான் சார்."

அதற்குள் பேச்சியம்மாள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். ஆபீசரே கேட்டார், "இது என்னம்மா?"

"இது மஞ்சணத்தி மரம்லா சார். இதுக்கா என்னய அடுப்ப விட்டுட்டு வரச் சொன்னீய?"

ஆபீசர் கிளையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நான் வெட்டுவாயை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். உள்ளே மஞ்சள்.

கோபமே படாதவர் சிரிக்கவும் மாட்டார் என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்போ நாம மூணு நாளா அம்மனுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கோம்."

"இன்னிக்கோட நாலு சார்" என்றார் ஏழுமலை அண்ணன்.

என் பெயருக்கு நேரே இருந்த மூன்று லேட்டையும் ஆபீசர் அடித்தார். பிறகு லிஸ்டை எடுத்து மஞ்சணத்தியையும் அடித்தார். "காலனி ஸ்டாப்னு எழுதிடறேன். யாருக்கும் குழப்பம் வராது."

வேலை பிழைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு லைனுக்குப் போயிருக்கலாம். எனக்குக் கால் நகரவில்லை.

"வேணாம் சார்."

"ஏன்?"

"காலனின்னா யார் வூட்டுப் பொண்ணு ஏறுதுன்னு பஸ் பூரா தெரியும். நுணா மரம்னா எந்த எடத்துல ஏறுதுன்னு மட்டும் தெரியும். பஸ்ஸுக்கு எடம் தெரிஞ்சாப் போதும் சார்."

ஏழுமலை அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "நுணான்னே எழுதுங்க சார். எனக்கு அதான் தெரியும்" என்றார். ஆபீசர் பேனாவை எடுத்து, தெளிவாக, பெரிய எழுத்தில் நுணா மரம் என்று எழுதினார். இந்த முறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த பொங்கலுக்குள் அந்த மரத்தடியில் ஆறு பெண்கள் ஏறினோம். பிறகு டவுன் பஸ்ஸும் நிற்க ஆரம்பித்தது. இப்போது, எங்களைக் காலனி என்று மட்டுமே அழைத்த வீடுகளின் பிள்ளைகளும் கண்டக்டரிடம், "நுணாமரம் ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு டிக்கெட் வாங்குகிறார்கள்.

எட்டு நிமிஷம்

லிஸ்ட் மாற்றிய மறுநாள் காலையில் எங்கள் இடமே ரோட்டுக்கு வந்துவிட்டது. பல் துலக்குகிற கையோடு வந்தவர்கள் உண்டு. அம்மா சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பஸ் வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. சரியாக என் முன்னால் கதவு வந்து நின்றது.

"நுணா மரம். ஏறும்மா" என்றார் ஏழுமலை அண்ணன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

ஏறினேன். முதல் சீட்டில் இருந்த பெண், தினமும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவள், "நீதானா அந்த மஞ்சணத்தி?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் எனக்கு.

கம்பெனி வாசலில் இறங்கியபோது பெரிய கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பத்திரண்டு. எல்லோரும் உள்ளே போனார்கள். நான் போகவில்லை. டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்துக்கு நேர் கீழே போய் நின்றேன்.

சூபர்வைசர் வரதன் வெளியே வந்து பார்த்தார். "உள்ள வராம இங்க இன்னா பண்ற?"

"இன்னும் எட்டு நிமிசம் கீது சார்" என்றேன். "நின்னுட்டு வரேன்."